நாற்பத்து மூன்றாம் நம்பர் வில்லை

அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை,
2-12-1983

அன்பு மகள் ஆதிலட்சுமிக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், உங்க அப்பா சுகம், நீ நட்டுவிட்டுப் போன செம்பருத்தியும் சுகம், இந்த மழைக்கு அது மதிலைத் தாண்டிவிட்டது. அங்கே நீயும் மாப்பிள்ளை காசியும் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று இதைப் படித்து முடித்த கையோடு ஒரு வரி எழுதிப் போடு. கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் நாள் பூரா நின்றுகொண்டு பாடம் நடத்தினால் வீங்காமல் என்ன செய்யும், நாற்காலி எதற்குப் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து நடத்து. உப்பைக் கம்மி பண்ணு. நாலு மாடி ஏறித் தண்ணீர் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவ்வளவு பெரிய இரும்பைத் தூக்குகிறவருக்கு ஒரு குடம் தண்ணீர் பாரமா. கேழ்வரகு மாவு திரித்து வைத்திருக்கிறேன், பம்பாய்க்கு வருகிற ஆள் யாராவது அகப்பட்டால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் போன கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தலைப்பிரசவம் பம்பாயிலேயே ஆகட்டும், நீ மட்டும் இங்கே புறப்பட்டு வந்தால் போதும்மா என்று எழுதியிருக்கிறாய். ஏழாம் மாதம் வளையல் போட்டு மகளை வீட்டுக்கு அழைத்து வராத தாய் இந்த ஊரில் யாராவது உண்டா, நீயே சொல். ஆஸ்பத்திரி அங்கே நல்லா இருக்கிறது, டாக்டர் தமிழ் பேசுகிறார் என்றெல்லாம் காரணம் அடுக்கியிருக்கிறாய். அதெல்லாம் காரணம் இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மந்திரி வீட்டு வாசற்படி ஏற மாட்டேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை எழுதினாய், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். பிடிவாதத்தில் நீ யார் மகள் என்று யாரும் கேட்கவே வேண்டாம். நான் உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. போன வாரம் இங்கே ஒன்று நடந்தது. அதை உனக்கு வேறு யாராவது அரைகுறையாகச் சொல்லுவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் அடுப்பை அணைத்ததும் பேனாவை எடுத்தேன். பொறுமையாகப் படி.

அவலூர்பேட்டை ரோட்டில் ராஜமாணிக்கத்தின் மல்லாட்டை மில்லை நீ மறந்திருக்க மாட்டாய், மூன்று வயது வரை அந்தக் களத்தில்தான் என் முறத்துக்குப் பக்கத்தில் கோணி விரித்துத் தூங்கினாய். உங்க அப்பா அங்கே மூட்டை தூக்கினவர், நான் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கினவள். மில்லுக்கு இரண்டு வாசல். பெரிய வாசல் முதலாளிக்கும் லாரிக்கும். பின்பக்கம் சின்ன வாசல் நமக்கு. குனிந்துதான் நுழைய வேண்டும், நுழையும்போது அவரவர் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாட்ச்மேன் சுப்பனிடம் கொடுக்க வேண்டும், அவன் அதைப் பலகையில் ஆணியில் மாட்டுவான். வில்லை ஆணியில் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். வெளியே போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் மடியை உதறிக் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அதை ஆம்பிளைதான் சோதித்தான். அதை எதிர்த்து எழுபத்தொன்றில் உங்க அப்பா முதல் முதலாக வேலையை நிறுத்தி எல்லாரையும் உட்கார வைத்தாரே, அப்போது முதலாளி என்ன செய்தான் தெரியுமா, தினம் ஒருத்தியைப் பெரிய வாசல் வழியாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காபி கொடுத்துப் பேசி அனுப்புவான். போனவள் திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவாள். அதனால்தான் உங்க அப்பா சங்கத்தில் ஒரு விதி எழுதினார். தகராறு நடக்கிற காலத்தில் பெரிய வாசல் வழியாக யார் வந்தாலும், நம் ஆளாகவே இருந்தாலும், அவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், பேசக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினது நான்தான். சங்கம் வைத்த வகுப்பில் நான் எழுத்துக் கற்று ஆறு மாசம்கூட ஆகவில்லை, எழுத்தெல்லாம் கோணல்மாணலாக இருக்கும். அந்த நோட்டு இன்றைக்கும் சங்கத்தில் இருக்கிறது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். எழுபத்தேழில் எம்.எல்.ஏ. ஆனார். நான் அப்போதும் வேலைக்குப் போனேன், ஆனால் கணக்குப்பிள்ளை என் பருப்பை எடை போடாமலே எழுதிக்கொண்டான், உட்கார நாற்காலி கொண்டு வந்து போட்டான். மற்ற பொம்பளைகள் தரையில் உட்கார்ந்திருக்க நான் நாற்காலியில் உட்காருவதா என்று கூசிப்போய் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். சங்கத்துச் சந்தாவை மட்டும் விடவில்லை. எண்பதில் தொழிலாளர் மந்திரி ஆனார். ஊரே பட்டாசு வெடித்தது, மூட்டை தூக்கினவன் மந்திரி ஆனான் என்று. எண்பத்தொன்றில் கோயம்புத்தூர் பக்கம் ஒரு பஞ்சு மில்லில் ஸ்டிரைக் நடந்ததும், அது சட்டப்படி செல்லாது என்று உங்க அப்பா கையெழுத்துப் போட்டதும், முந்நூறு பேர் வேலை போனதும் பேப்பரில் வந்தது. உனக்குக் கல்யாணமாகிப் பம்பாய் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. நீ பம்பாய்க்குப் புறப்படும்போது அவர் உன் கையில் கொடுத்த அவருடைய நாற்பத்து மூன்றாம் நம்பர் வில்லையை ரிஜிஸ்டர் தபாலில் திருப்பி அனுப்பினாய். கூட அவருக்கு ஒரு வரி இல்லை, வாசற்படி ஏற மாட்டேன் என்றதுகூட அப்புறம் எனக்கு எழுதினதுதான். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அந்த வில்லையை என்ன செய்தார் என்று நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் நீ எழுதுகிற ஒவ்வொரு கவர் மேலும் ‘அம்மாவுக்கு மட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதுகிறாய்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். ஐப்பசி கடைசியில் ராஜமாணிக்கம் பருப்பு பிரிக்க ஒரு கரண்டு மிஷின் வாங்கிப் போட்டான். தீபத்துக்கு அப்புறம் நாற்பது பேர் வர வேண்டாம் என்று பலகையில் எழுதி ஒட்டிவிட்டான். நாற்பதில் பாதிப்பேர் புருஷன் இல்லாதவர்கள். இப்போது சங்கத்துக்குச் செயலாளர் ஜஹானாரா, உனக்குப் பின்னல் போட்டுவிடுவாளே அவளேதான். எண்பது பேரும் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், வேலையில் இருக்கிற நாற்பது பேரும் சேர்த்து. நான் மெட்ராசுக்குப் போன் போட்டு உங்க அப்பாவிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, “மனு ஒண்ணு எழுதிக் குடுக்கச் சொல்லு, ஆபீசுல பாத்துக்கலாம்”னு. எனக்கு வந்ததே கோபம். சாயங்காலம் கதவைத் தட்டி யார் வந்தாலும் சட்டையைப் போடாமலே எழுந்து ஓடின மனுஷன் இப்போது மனு கேட்கிறார். போனை வைத்தேன், பரண்மேல் இருந்த என் பழைய முறத்தை எடுத்துத் தட்டினேன், சுப்பனிடம் என் நம்பரைச் சொல்லிவிட்டு உள்ளே போய், அந்தக் காலத்தில் என்னோடு பருப்பு பொறுக்கின ஆராயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆராயி என்னை ஏற இறங்கப் பார்த்து, “இன்னாடி மந்திரி பொண்டாட்டி, நாற்காலி கொண்டாரச் சொல்லட்டுமா”ன்னு கேட்டாள். போடி என்றேன். பன்னிரண்டு நாள் உட்கார்ந்தேன். அவருக்கு நான் சொல்லவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரன்கூட அவரிடம் சொல்லவில்லை, பயந்திருப்பான்.

தீபம் முடிந்து மூன்றாம் நாள் தகராறைப் பேச அவரே மில்லுக்கு வருவதாகத் தகவல் வந்தது. காலையில் பத்து மணி இருக்கும். கார் சத்தம் கேட்டது. எல்லாரும் வாசலைப் பார்க்கிறோம், பெரிய வாசல் இரண்டு கதவும் திறக்கிறது, கொடி போட்ட கார் நேராக உள்ளே வருகிறது, ராஜமாணிக்கம் மாலையோடு நிற்கிறான். ஜஹானாரா எழுந்து நின்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பி உட்கார்ந்தாள். வரிசை வரிசையாக எல்லாரும் திரும்பினார்கள். ஆதி, நான் என்ன செய்வேன். அந்த விதியை எழுதின கை என் கை. கட்டின புருஷன் மூன்று வாரம் கழித்து வந்து இறங்குகிறார், வந்தவரை வாங்க என்று சொல்லக்கூட வாய் இல்லை. நானும் திரும்பி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆராயி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் கார் கதவு சாத்தின சத்தம் கேட்டது. நாலு எட்டு நடந்த செருப்புச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. ராஜமாணிக்கம் வாங்க வாங்க உள்ள ரூமுல பேசலாம் என்கிறான். அப்புறம் செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. கார் கிளம்பும் கிளம்பும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன், கிளம்பவில்லை. போனவர் எங்கே போனார் என்று ஒருத்தருக்கும் புரியவில்லை. பெரிய வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எதிரே தெரிவது சின்ன வாசல்தானே. கொஞ்ச நேரத்தில் அங்கே வெள்ளை வேட்டி தெரிந்தது. மதிலைச் சுற்றி மழைச் சேற்றில் நடந்து வந்திருக்கிறார், முழங்கால் வரை சேறு, தோளில் மாலை இல்லை. சுப்பன் எழுந்து சலாம் வைத்தான். “சலாம் எல்லாம் அப்புறம், நம்பர் கேளு”ன்னார் உங்க அப்பா. அவரே சட்டைப்பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். நீ திருப்பி அனுப்பின வில்லை. இரண்டு வருஷமாக அது அந்தப் பையில்தான் இருந்திருக்கிறது, சட்டையைத் துவைக்கிற எனக்குக்கூடத் தெரியாமல் தினம் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். சுப்பன் அதை நாற்பத்து மூன்றாம் ஆணியில் மாட்டினான். உள்ளே நுழையும்போது குனிய மறந்து மேல்கம்பியில் தலையை நங்கென்று இடித்துக்கொண்டார். ஆராயி சிரித்துவிட்டாள். அவள் சிரிக்க எல்லாரும் சிரிக்க அவரும் தலையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது.

தரையில் உட்கார்ந்தார். ஜஹானாரா எழுந்து, “சகாதேவண்ணே, மந்திரியா வந்தியா, நாற்பத்து மூணா வந்தியா, அத மொதல்ல சொல்லு”ன்னு கேட்டாள். பெயரை நான் எழுத மாட்டேன், அவள் சொன்னதால் எழுதுகிறேன். “வில்லையக் குடுத்துட்டுதான் வந்தேன்”ன்னார். “கார்ல ஃபைல் பாத்துக்கினே வந்தேன், டிரைவர் எந்த வாசல்ல திருப்புறான்னு பாக்கல, உங்க முதுகப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சது நான் எங்க நிக்கறேன்னு, தப்பு என்னுது”ன்னார். ஜஹானாரா விடவில்லை. அந்தப் பஞ்சு மில்லுக்காரங்களுக்கும் இப்படித்தான் கார்லயே உக்காந்து கையெழுத்துப் போட்டியா என்று கேட்டாள். நீ இரண்டு வருஷமாகக் கேட்காமல் கேட்ட கேள்வி அது ஆதி. உங்க அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், ஆமாம், அந்த மில்லுக்கு நான் ஒரு தடவைகூடப் போகல, ஆபீசர் எழுதிக் குடுத்ததைப் படிச்சேன், நேரம் இல்லேன்னு போட்டுட்டேன், போயிருந்தா போட்டிருக்க மாட்டேன்னு. எண்பது பேருக்கு முன்னால், போலீஸ்காரர்கள் கேட்க, முதலாளி கேட்கச் சொன்னார். மந்திரி ஆனவன் இப்படிச் சொல்லலாமா என்று மெட்ராசில் இப்போது பேசுகிறார்களாம். பேசட்டும்.

அப்புறம் ஒரு மணி வரைக்கும் பேச்சு நடந்தது. ராஜமாணிக்கம் வந்து மூட்டை மேல் காகிதத்தை வைத்துத்தான் கையெழுத்துப் போட்டான். மிஷின் இருக்கட்டும், ஆனால் அதை ஓட்டக் கற்றுக்கொடுப்பது நம் பெண்களுக்குத்தான். நாற்பதில் முப்பத்திரண்டு பேர் உடனே வேலைக்கு வரலாம், மீதி எட்டுப் பேருக்குப் பொங்கலுக்குள் வழி சொல்ல வேண்டும். அந்த எட்டில் ஆராயியும் ஒருத்தி, வயசாச்சாம். நான் வாய் விட்டு ஏசினேன், பொங்கல் வரட்டும் பார்க்கலாம். பஞ்சு மில் விஷயத்தையும் திரும்ப எடுக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார், போன திங்கட்கிழமை அங்கே போயும் வந்தார். அவர்கள் உடனே மாலை போட்டு வரவேற்கவில்லை, நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். ஆனால் ஒருநாள் பூரா உட்கார்ந்து கேட்டாராம். முந்நூறு பேருக்கும் வேலை திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, இல்லாததை உனக்கு எழுத மாட்டேன். தையில் மந்திரிசபையை மாற்றும்போது இவர் பெயர் இருக்காது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. படித்துவிட்டு, போனா போகட்டும் தங்கம், மூட்டை தூக்க முதுகு இருக்கு என்கிறார். ஐம்பத்து நாலு வயசில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர் பேசுகிற பேச்சைப் பார். ஆனால் மனுஷன் முகத்தில் இருந்த ஒரு இறுக்கம் போய்விட்டது, அதை நான் பார்க்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் பேசாமல் பரிமாறினேன். கோபமா என்று கேட்டார். நான் உங்களுக்கு முதுகைக் காட்டினேனே, உங்களுக்குக் கோபம் இல்லையா என்றேன். “எண்பது முதுகுல உன் முதுகு எதுன்னு எனக்குத் தெரியாதா, அதப் பாத்துட்டுதான் திரும்பி நடந்தேன்”ன்னார். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினதும், ஆதிக்கு எழுதுவியா என்றார். எழுதுவேன் என்றேன். வில்லையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை ஆதி. சின்ன வாசல் வழியாகத்தான் வெளியே போனார், சுப்பன் எடுத்து நீட்டினான், அது அங்கேயே தொங்கட்டும் என்றுவிட்டார். ஜஹானாரா மட்டும் விடாமல், “ஆறு மாசம் இந்தப் பக்கம் தல காட்டலேன்னா நானும் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிடுவேன், உன் பொண்ணுக்கு மட்டும்தான் அனுப்பத் தெரியுமா”ன்னு சொன்னாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நீ செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நீ வில்லையைத் திருப்பி அனுப்பியிருக்காவிட்டால் அன்றைக்கு அவரிடம் சுப்பனுக்குக் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது, வாசலில் நின்று நான் மந்திரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உன் கோபம் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது, போதும், அதை இனி இறக்கி வை. வயிற்றில் ஒன்றைச் சுமக்கிறவள் இன்னொன்றையும் சேர்த்துச் சுமக்கக் கூடாது. தை பிறந்து இரண்டாம் வாரம் உனக்கு ஏழு. வளையல் போட ஜஹானாராவும் ஆராயியும் வரிசையில் முதலில் நிற்கிறார்கள். மாப்பிள்ளையிடம் லீவு போடச் சொல். தாதர் வண்டியில் வந்து அரக்கோணத்தில் இறங்குங்கள், கூட்டிக்கொண்டு வர நாங்கள் வருகிறோம். கொடி போட்ட கார் வேண்டாம் என்பாய், தெரியும், வாடகைக் கார் பேசியிருக்கிறேன், காசு என் முந்தானையில் இருக்கிறது. மந்திரி வீடு மந்திரி வீடு என்கிறாய், இது பருப்பு பொறுக்கினவளும் மூட்டை தூக்கினவரும் கட்டின வீடு, இதற்குப் பெரிய வாசல் சின்ன வாசல் என்று இரண்டு கிடையாது.

கடைசியாக ஒன்று. சொல்லக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். உன் கடிதம் வருகிற அன்றைக்கு அவர் ஊரில் இருந்தால் தபால்காரரிடம் அவர்தான் வாங்குவார். மேலே இருக்கிற சிவப்பு மையைப் படிப்பார், பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிடுவார், நான் படித்து முடிக்கிற வரைக்கும் முற்றத்தில் நிற்பார், சுகமா இருக்காளா என்று மட்டும் கேட்பார். நான் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கவரைத் தூக்கிப் போட்டால், அதை எடுத்துக்கொள்வார். உள்ளே இருக்கிறது உனக்குன்னு அவ எழுதியிருக்கா, கவர் யாருக்குன்னு எழுதலையே என்பார். இருபத்தேழு கவர் அவருடைய அலமாரியில் இருக்கிறது.

உன்னையும் மாப்பிள்ளையையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் அண்ணாமலையார் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருங்கள். மாடிப்படியில் பார்த்து இறங்கு. பதில் எழுதும்போது உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுது, கவர் மேல் மட்டும் அந்த இரண்டு வார்த்தையை எழுதாதே.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா,
ச. தங்கம்மாள்